மூடிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

ஜூலை 5, சனிக்கிழமை

ஆழ்கடலின் அதிபதியும் எண்ணெய்க் கறையின் இளவரசியுமான என் அக்காஆஆஆஆவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம், அம்மா நலம், பள்ளிக்கூடத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. காரணம் நான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆசிரியர்கள் ஓய்வறைக் கதவில் 'வாடகைக்கு விடப்படும், உள்ளே விசாரிக்கவும்' என்று ஒரு பலகை மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே உள்ளே போய் கணக்கு சாரிடம், "தண்ணி எந்நேரமும் வருமா?" என்று கேட்டால் அதற்கு நானா பொறுப்பு? அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "காலைல மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தபோதுதான் அவருக்கு விழிப்பு வந்ததாம்.

தலைமையாசிரியையை உனக்குத் தெரியாது, நீ படித்து முடித்த பிறகு வந்தவர். நாங்கள் வைத்த பெயர் 'அமைதி'. அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் அதுதான். அவர் பலகையைப் பறிமுதல் செய்துகொண்டு, தினமும் மாலையில் பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்யும்படி எனக்குத் தண்டனை கொடுத்தார்.

அக்கா, அது தண்டனை இல்லை, பரிசு! உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. பக்கத்திலேயே ஊசி ஊசியாகக் குத்தி அச்சடிக்கிற பிரிண்டர். ஃபிளாப்பி என்கிற சதுரத் தட்டு ஒன்றின் மேல் யாரோ பேனாவால் 'படம்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே தள்ளினேன். கரகரவென்று இருமிவிட்டு ஒரு கட்டம் வந்தது. குறுக்கே எண்பது, நெடுக்கே இருபத்தைந்து. அம்புக்குறியால் நகர்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்தையோ குறியையோ வைக்க வேண்டும். # வைத்தால் இருட்டு. : வைத்தால் நிழல். எதுவும் வைக்காவிட்டால் வெளிச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் படம்!

முதலில் அம்மாவை வரைந்தேன். வெள்ளரிக்காய் வந்தது. எழுத்துகள் அகலத்தைவிட உயரம் என்பதை மறந்துவிட்டேன். இப்போது உயரம் இரண்டு மடங்காகக் கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் புகைப்படத்தின் மேல் வைத்து, எண்ணி எண்ணி வைக்கிறேன்.

விஷயம் புரிகிறதா? உன் ஓட்டைக் கப்பலுக்குப் போட்டோ போகாது, வாரத்துக்கு ஒரு முறை வெறும் எழுத்துதான் போகும் என்றாயே. போகட்டும்! நான் எழுத்தையே போட்டோவாக்கி அனுப்புகிறேன். கீழே இருப்பது நீதான். பேருந்து நிறுத்தத்தில் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. லைப்ரரியில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இந்தத் தட்டைப் போட வாய் இருக்கிறது. அதன் முன்னால் அரை மணி நேரம் வரிசையில் நின்று இதை ஒட்டுகிறேன்.

ஆங்கில எழுத்தில் நாம் தமிழ் அடிப்பதைப் பார்த்தால் அம்மாவுக்குக் கண் வலிக்கிறதாம். நம் இருவர் கடிதத்தையும் ஒழுங்கான தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். எனவே கவனமாகத் திட்டு.

இப்படிக்கு,
சாமான் அறையின் மகாராணி,
வாலு

*

ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. படமும் வந்தது. சூப்பர்! எப்படி இப்படியெல்லாம் யோசிக்கிறாய்? அச்செடுத்து என் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இயந்திர அறையில் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்தது. இன்னொன்று அனுப்பு.

இங்கே சூடு. இயந்திர அறையில் நான்கு மணி நேரம் நின்றால் சட்டையைப் பிழிந்து ஒரு வாளி நிரப்பலாம். மூன்றாம் இன்ஜினீயர் என்றால் பெரிய பதவி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில், எந்தக் குழாய் ஒழுகினாலும் முதலில் என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு குழாயும் ஒழுகாமல் என்னைக் கூப்பிட்டார்கள், சமையலறை மிக்சியைப் பார்க்கச் சொல்லி.

பலகை விஷயத்தில் நான் உன்னைத் திட்டியதாக அம்மாவிடம் சொல்லிவிடு. நிஜத்தில் சிரித்துச் சிரித்து மேல் படுக்கையில் தலையை இடித்துக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 19

கடல் தாண்டிக் கைதட்டு வாங்கித் தந்த அக்காவுக்கு,

'இன்னொன்று அனுப்பு' என்று எழுதியிருந்தாயே, அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று அம்மாவிடம் கேட்டால் தெரியும். நான் செய்த எதையும் பார்த்து இதுவரை யாரும் இன்னொன்று கேட்டதில்லை. "இன்னொரு தடவ செஞ்சே, தொலைச்சிடுவேன்" என்பது வேறு வகை.

அதனால்தான் போன சனிக்கிழமை கடிதமே இல்லாமல் படம் மட்டும் அனுப்பினேன். மடிந்த காதோடு பூனை. பார்த்திருப்பாய்.

இப்போது ஒரு பெரிய சமாசாரம். உட்கார்ந்துகொண்டு படி.

செப்டம்பர் ஒன்றாம் தேதி பழைய இரும்பு எடுக்கிற லாரி வருகிறது. சாமான் அறை மொத்தமும் காலி. கம்ப்யூட்டரும்தான். நான் நேராக 'அமைதி'யின் அறைக்குப் போய், "மிஸ், அத மட்டும் விட்டுடுங்க. அதுல வரைஞ்ச படம் கப்பல்ல ஒட்டியிருக்கு" என்றேன்.

"கப்பல்லயா?"

"ஆமா மிஸ். எங்க அக்கா கப்பல்ல. அங்க போட்டோ போகாது. என் படம் போகுது. எல்லாரும் கை தட்டினாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீன் தொட்டியில சோப்புத்தூள் போட்டது யாருன்னு கேட்டப்ப, மீனே குளிக்க ஆசப்பட்டுச்சுன்னு சொன்னவ நீ. இத நான் எதை வெச்சு நம்புறது?"

அக்கா, நான் உண்மை சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று இந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே கண்ணாடியில் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. அதனால் சோதனை வையுங்கள் என்றேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 18 அன்று ஒட்டிய உறையில் ஒரு புகைப்படம் தருவார். அதை நான் வரைய வேண்டும். கடிதத்தை அலுவலக அண்ணன் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார், நான் துப்புக் கொடுக்கக் கூடாது என்று. படத்தில் என்ன இருக்கிறது என்று நீ பள்ளி முகவரிக்கே பதில் போட வேண்டும். சரியாகச் சொன்னால் இயந்திரம் எனக்கு. இல்லாவிட்டால் அது லாரியில் ஏறும், நான் மேடையில் ஏறி, மொத்தப் பள்ளிக்கும் முன்னால் 'கப்பல் கதை பொய்' என்று சொல்ல வேண்டும்.

உனக்கு இது கால் தூசி. என்றாலும் ஓர் ஒத்திகை. அந்தப் பூனைக்கு மடிந்திருந்தது எந்தக் காது?

இப்படிக்கு,
வெற்றியை முன்பதிவு செய்துவிட்ட
வாலு

*

ஜூலை 26

அன்புள்ள வாலுக்கு,

எதற்கு இந்த வீண் பந்தயம்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே மாட்டாயா? சரி, போகட்டும்.

இடது காது. ரொம்ப அழகான பூனை. மீசையைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

நான் பூனை அனுப்பவே இல்லை.

நான் அனுப்பியது அம்மாவை. மாடியில் தலைமுடியை விரித்துப்போட்டுக் காயவைத்துக்கொண்டு நின்றாரே, அந்தப் படம். உன்னைச் சீண்டத்தான் பூனை என்று எழுதினேன். "லூசு, அது அம்மா!" என்று நீ திட்டுவாய், அதை அம்மாவிடம் படித்துக் காட்டி இரண்டு பேரும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ எழுதியதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டார்.

மீசையாம்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டது எனக்குப் பழக்கம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று பெருமையாக இருந்தேன். அதுவும் உண்மை இல்லை என்று இப்போது தெரிகிறது. நீ என் படம் எதையுமே பார்க்கவில்லை, இல்லையா?

வாலு

*

ஆகஸ்ட் 9

என் வாலுக்கு,

பார்க்கவில்லை.

இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒரு பம்பையே கழற்றி மாட்டிவிட்டேன், இந்த ஒரு சொல்லை அடிக்க முடியவில்லை.

இங்கே வந்து சேர்வது இதுதான்: # : # : # : # . முதல் வரியும் இப்படி, கடைசி வரியும் இப்படி. இருபத்தைந்து வரி, எறும்பு ஊர்ந்த மாதிரி. கப்பலுக்குத் தபால் பார்க்கிற இரண்டாம் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சிக்கனம்'. இணைப்பு மெதுவாகப் போகிறது என்று கம்பெனியிடம் சொல்லி அவர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். கடிதத்தில் ஒரே குறி மூன்று முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் அது ஒன்றாகிவிடும். வெற்றிடமும் அப்படியே. கரையிலேயே சுருக்கித்தான் இங்கே வருகிறது. நீ 'அக்காஆஆஆஆ' என்று கூப்பிட்டதெல்லாம் இங்கே வெறும் 'அக்கா'வாகத்தான் வந்தது.

அவரிடம் கெஞ்சினேன். "அது கம்பெனி ஏற்பாடு, அடுத்த துறைமுகத்துலதான் மாத்த முடியும். அதுக்கு ரெண்டு மாசம் இருக்கு" என்று கையை விரித்துவிட்டார்.

ஏன் சூப்பர் என்று எழுதினேன்? அது நான் கப்பல் ஏறி மூன்றாவது வாரம். பேச ஆள் இல்லை. கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அப்போது உன் எறும்புக் கூட்டம் வந்தது, மேலே 'இது நீ, சிரிக்கிறாய்' என்று எழுதி. தெரியவில்லை என்று சொன்னால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். எல்லாரும் பார்த்தார்கள் என்பது பொய். ஒட்டியிருக்கிறேன் என்பது பொய் இல்லை. இன்றைக்கும் அந்தத் தாள் என் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

தலைமையாசிரியைக்கு நானே எழுதிவிடுகிறேன், தவறு என்னுடையது என்று. நீ மேடை ஏற வேண்டாம்.

மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம் இல்லாத,
அக்கா

*

ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

(அலுவலக அண்ணன் அவர்களே, வணக்கம். துப்பு எதுவும் இல்லை, தாராளமாகத் தேடிப் பாருங்கள்.)

போன சனிக்கிழமை நான் எழுதவில்லை. கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் அம்மாவையும் படுத்தினேன். அந்த வீம்பில் ஓர் ஒத்திகை வாய்ப்பு வீணாகிவிட்டது. அதற்கு நான்தான் பொறுப்பு, உன்னைச் சொல்லவில்லை.

இந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லி நீ எதுவும் எழுத வேண்டாம். வழி கிடைத்துவிட்டது. யாரால் என்று கேள். 'அமைதி'யால்!

போன வாரம் எங்களுக்குப் பரீட்சை. நான், என் பக்கத்து பெஞ்சுக்காரி, அவள் பக்கத்து பெஞ்சுக்காரி, மூன்று பேரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தோம். 'அமைதி' உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தார். "மூணு பேர் ஒண்ணா இருந்தா ஆபத்து. ஒம்பதாம் வகுப்புல ஒருத்தி, பத்தாம் வகுப்புல ஒருத்தி, மாத்தி மாத்தி உட்காருங்க" என்று கூடம் முழுவதையும் கலைத்து உட்காரவைத்தார். நான் வினாத்தாளை மறந்துவிட்டுக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலச் சீருடை, பச்சைச் சீருடை, நீலம், பச்சை. எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் கூடம் நிறைந்துதான் இருந்தது!

அக்கா, உங்கள் சிக்கனம் ஒரே ஆள் மூன்று முறை வந்தால்தானே விரட்டுகிறார்? ஆளை மாற்றி மாற்றி உட்காரவைத்தால்? இருட்டுக்கு வெறும் # இல்லை, #@#@#@. வெளிச்சத்துக்கு வெற்றிடம் இல்லை, புள்ளியும் காற்புள்ளியும் மாறி மாறி. கண்ணுக்கு ஒரே நிழல், சிக்கனத்துக்கு ஒவ்வொன்றும் புது ஆள். யாரையும் வெளியே அனுப்ப முடியாது.

(வரலாற்றுப் பரீட்சையில் என்ன எழுதினேன் என்று தயவுசெய்து கேட்காதே.)

திங்கட்கிழமை உறையைப் பிரித்தேன். ஐந்து மாலை. இரண்டாயிரம் கட்டம். ஒவ்வொன்றாக வைத்தேன். விரல் நுனி மரத்துப்போய், சாப்பிடும்போது கரண்டியைக்கூட ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் எடுத்தேன் என்று அம்மா சொல்கிறார். அவர் நோட்டை மறுபடி திறந்துவிட்டார், அதையும் சொல்லச் சொன்னார்.

படம் கீழே இருக்கிறது. வேலை செய்யுமா தெரியாது. இன்று ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்ன தெரிகிறதோ அதை எழுது. எறும்பு வந்திருந்தால் எறும்பு என்று எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. நான் தோற்றாலும் பரவாயில்லை, லாரி வந்தாலும் பரவாயில்லை. இன்னொரு 'சூப்பர்' மட்டும் வேண்டாம்.

வாலு

*

ஆகஸ்ட் 30
(பள்ளி அலுவலகத்தின் வழியாக)

என் வாலுக்கு, முதலில் இதைப் படிக்கப்போகும் தலைமையாசிரியைக்கும் அலுவலக அண்ணனுக்கும் வணக்கத்துடன்,

படம் வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது!

தபால் அறையில் நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று சிக்கனத்துக்கே விளங்கவில்லை. "இத்தனை குறியும் எப்படி உள்ள வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தார். "வரிசை மாத்தி உட்கார வெச்சுட்டா எங்க வாலு" என்றேன். அவரே அச்செடுத்துக் கொடுத்தார். தாளைச் சேமிக்க இரண்டு பக்கமும் அச்சடிக்கிற மனிதர், உன் படத்துக்குப் புதுத் தாள் வைத்தார்.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினோம். நீ கேட்டபடி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிட்டத்தில் நின்றால் வெறும் குறிகள். சமையல்காரர், "யானை. தும்பிக்கை தெரியுதே" என்றார்.

இயந்திரங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர், "யானைக்கு எதுக்குய்யா மூடி?" என்றார்.

"தொப்பி போட்ட யானை."

"செடிக்குத் தண்ணி ஊத்துற வாளி."

"உன் வீட்டு வாளிக்குப் பின்னாடி காது இருக்கா?"

கேப்டன் சத்தம் கேட்டு வந்தார். பின்னால் நடந்து நடந்து வாசற்படிவரை போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இங்க வந்து நின்னு பாருங்க" என்றார். போனோம். ஒரே நொடி. அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

கெட்டில். தேநீர் போடுகிற கெட்டில். பிடி வலப்பக்கம், மூக்கு இடப்பக்கம். மூக்கின் நடுவில் ஏதோ சுற்றிக் கட்டியிருக்கிறது. கம்பியாக இருந்தால் மெல்லியதாக இருக்கும், இது தடிமன், முடிச்சின் நுனி கீழே தொங்குகிறது. எனவே துணி. மூக்கு ஒழுகுகிறது என்று நினைக்கிறேன். அது என் தொழில்புத்தி.

இன்னொன்றும் இருக்கிறது. மூடிக்குப் பக்கத்தில், வெளிச்சமான இடத்தில், தனியாக ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. மேலிருந்து ஆறாவது வரி. ஈ என்கிறார் சமையல்காரர். ஓட்டை என்கிறார் எண்ணெய்க்காரர். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதச் சொன்னாய்.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா
(கப்பலின் மொத்த ஆட்கள் சார்பாகவும்)

*

செப்டம்பர் 6

வெற்றி வெற்றி வெற்றி! (மூன்று முறை எழுதியிருக்கிறேன், சிக்கனம் சுருக்கட்டும் பார்க்கலாம்.)

அக்கா, மொத்தத்தையும் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

திங்கட்கிழமை காலை. மைதானத்தில் மொத்தப் பள்ளியும். வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறார். நான் மேடைக்குப் பக்கத்தில், கையில் இரண்டு தாள். ஒன்று ஜெயித்தால் பேச, இன்னொன்று 'கப்பல் கதை பொய்' என்று தொடங்குவது. இரண்டாவதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

அலுவலக அண்ணன் மைக்கில் உன் கடிதத்தைப் படித்தார். "தொப்பி போட்ட யானை" வந்தபோது மைதானமே குலுங்கியது. எனக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து "கெட்டில்" என்றார். நான் 'அமைதி'யைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "துணி" என்றபோது காலடியில் இருந்த பையைத் திறந்து, செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். கெட்டில்! மூக்கில் நீலத் துணி முடிச்சு. ஒழுகத்தான் செய்கிறதாம், உன் தொழில்புத்தி வாழ்க.

ஆனாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "இவளே முன்னாடியே சொல்லிக் குடுத்திருப்பா!" குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். கணக்கு சார். பலகையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"மிச்சத்தையும் படிங்க" என்றார் 'அமைதி'.

அண்ணன் அந்தப் புள்ளியைப் பற்றிப் படித்தார். ஆறாவது வரி. 'அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.'

'அமைதி' கெட்டிலைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். மூடிக்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை. பளிச்சென்று இருந்தது. எல்லாரும் "ஐயோ" என்றார்கள். அப்போது அவர் கோப்பிலிருந்து என் படத்தின் நகலை எடுத்தார். ஆறாவது வரியில், சிவப்பு மையில், ஒரு வட்டம்.

அக்கா, அது என் தப்பு. ஐந்தாம் நாள் விரல் வழுக்கி ஒரு @ விழுந்துவிட்டது. அச்செடுத்த பிறகுதான் பார்த்தேன். திருத்த ஓடினேன். 'அமைதி' தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இப்படியே அனுப்பு" என்றார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

மைக்கைப் பிடித்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கெட்டில எப்படியாவது சொல்லிக் குடுத்துடலாம். தன்னோட தப்ப யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. அதுவும் இவ! அந்தக் கப்பல்ல உள்ளவங்க கெட்டில மட்டும் பார்க்கல. இவ வெச்ச ஒவ்வொரு புள்ளியையும் பார்த்திருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் தோத்துட்டேன். ரொம்ப சந்தோஷமாத் தோத்துட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். கத்தல், விசில், பைகள் பறந்தன. கணக்கு சார்கூடக் கை தட்டினார், ஒரு கையால் இன்னொரு கையை யோசித்து யோசித்து. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இரண்டாவது தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டேன். காது பிய்கிற அந்தச் சத்தத்தில் தலைமையாசிரியை என்ன செய்தார் தெரியுமா? மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக 'அமைதி' என்று சொல்லவில்லை.

லாரி உடைந்த பெஞ்சுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் நான் சாமான் அறைக்குப் போனபோது கதவில் என்னுடைய பழைய பலகை தொங்கியது. 'வாடகைக்கு விடப்படும்' என்பதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'குடி வந்தாயிற்று' என்று எழுதியிருந்தது. கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து, என் மதிப்பெண் அட்டை முழுக்க அதுதான். இடைவேளைகளில் அறை எங்களுக்கு. இதுவரை பதினாலு பேர் படம் வரையச் சேர்ந்திருக்கிறார்கள்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று அம்மா கேட்டார். 'தெரியவில்லை' என்று நீ எழுதினாயே, அந்த ஒரு வார்த்தையில் அது போய்விட்டது. சூப்பரைவிட அது எவ்வளவு சூப்பர்!

உன் சிரிப்பை மறுபடி வரைந்து, ஆள் மாற்றி உட்காரவைத்து, கீழே அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பின்னால் நடந்து போய்ப் பார்.

இப்படிக்கு,
பதினாலு பேரின் தலைவி, ஒரு புள்ளியின் தாய்,
வாலு

*

செப்டம்பர் 13

என் வாலுக்கு,

பின்னால் நடந்து போய்ப் பார்த்தேன். கதவில் முதுகு இடிக்கும்வரை போனேன். நான் இப்படியா சிரிப்பேன்? எறும்புத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். அதை எடுக்க மாட்டேன், இரண்டும் இருக்கட்டும்.

சிக்கனம் இப்போது தன் மகனுக்கு மாற்றி மாற்றிக் குறி வைத்து ஒரு சைக்கிள் வரைந்துகொண்டிருக்கிறார். எழுத்துக் கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

நானும் ஒன்று வரைந்தேன். என் முதல் படம். மூன்று இரவுப் பணிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக. கீழே இருக்கிறது. யார் என்று சொல். எப்படி இருக்கிறது என்றும் சொல். பயப்படாமல் சொல்.

அக்கா

*

செப்டம்பர் 20

அக்கா-ஆ-ஆ-ஆ-ஆ-ஆவுக்கு,

(நடுவில் கோடு போட்டிருக்கிறேன். இந்த முறை முழுசாக வந்திருக்கும்.)

உன் படத்தை அச்செடுத்துச் சாமான் அறையில் ஒட்டி, பதினாலு பேரையும் கதவுவரை பின்னால் நடத்திக் கூட்டிப்போனேன். தலைமையாசிரியையும் கையில் தேநீரோடு வந்து நின்றார். 'மேகம்' என்றார்கள். 'செருப்பு' என்றார்கள். வீட்டில் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், முதல் தடவதானே" என்றார், அதை எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? உருளைக்கிழங்கு. இரண்டு இடத்தில் முளைவிட்ட உருளைக்கிழங்கு. கட்டத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்க மறந்துவிட்டாய். வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் வேறு ஊரில். பற்கள் என்று நீ நினைத்து வைத்தது வேலி மாதிரி இருக்கிறது.

பிறகு கீழே, ஓரத்தில், ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அக்கா, படு மோசம்! கதவுக்கு நேர் எதிரே ஒட்டியாயிற்று, யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில்.

இன்னொன்று அனுப்பு.

வாலு